காற்றில் மிதக்கும் பிளாஸ்டிக்கும் அதில் குடியேறிய கிருமிகளும்

1860-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஒரு பெரும் பனியாற்றின் கரைக்கு இருபது கண்ணாடிக் குடுவைகளை எடுத்துச் சென்றார். ஒவ்வொன்றிலும் கொதிக்க வைத்துக் கிருமி நீக்கிய ஊட்டத் திரவம் இருந்தது. குடுவைகளின் கழுத்துகள் நெருப்பில் உருக்கி மூடப்பட்டிருந்தன. பனிக் காற்று வீசும் இடத்தில் அவர் ஒவ்வொரு கழுத்தையும் முறித்து, வெளிக் காற்றை உள்ளே புகவிட்டு, மீண்டும் உருக்கி மூடினார். சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது இருபதில் ஒரே குடுவையில்தான் திரவம் கெட்டிருந்தது. ஜூரா மலையின் அடிவாரத்து வயல்வெளியில் இவ்வாறே திறந்து மூடிய இருபதில் எட்டும், சுமார் 850 மீட்டர் உயரமுள்ள குன்றின்மேல் திறந்த இருபதில் ஐந்தும் கெட்டுப் போயின. கிருமிகள் காற்றில் தாமாகத் தோன்றுவதில்லை, தூசியின் மேல் ஏறியே அவை பயணம் செய்கின்றன, தூசி குறைந்த இடத்தில் கிருமியும் குறைவு என்பதை அந்த அறுபது குடுவைகள் உலகுக்குக் காட்டின.

பாஸ்டரின் காலத்துத் தூசியில் மண், புகைக்கரி, பஞ்சு, மகரந்தம் முதலியவையே இருந்தன. முழுதும் செயற்கையான முதல் பிளாஸ்டிக்காகிய பேக்லைட் 1907-இல்தான் பிறந்தது. இன்று நிலைமை வேறு. பிரான்ஸின் மற்றோர் எல்லையிலே, பிரெனீஸ் மலைத் தொடரில் ஊர்களிலிருந்து விலகிய ஓரிடத்தில், 2017-18-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஐந்து மாத காலம் வானிலிருந்து விழும் பொருள்களைக் கலங்களில் சேகரித்து ஆராய்ந்தார்கள். 2019-இல் வெளியான முடிவின்படி நாள் ஒன்றுக்கு, சதுர மீட்டர் ஒன்றுக்குச் சராசரி 365 பிளாஸ்டிக் துணுக்குகள் அங்கு விழுந்தன. காற்றோட்டத்தின் வழியைப் பின்னோக்கிக் கணித்ததில், அவற்றிற் சில 95 கிலோ மீட்டர் தொலைவிலிருந்தும் வந்திருக்கக் கூடுமென்று தெரிந்தது.

கிருமிக்குப் புதியதொரு வாகனம் கிடைத்துவிட்டது. அதில் ஏறுவோர் யார், எவ்வளவு தூரம் உயிருடன் செல்கிறார்கள், மனிதனின் சுவாசப் பாதையில் இறங்கினால் என்ன நேரும் என்பவை சென்ற சில ஆண்டுகளாக விஞ்ஞானிகள் ஆராய்ந்து வரும் விஷயங்களாகும்.

துணுக்குகள் வரும் வழி

ஐந்து மில்லி மீட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் துணுக்கைப் பிளாஸ்டிக் நுண்துகள் என்று வழங்குகிறார்கள். காற்றில் மிதப்பவை இதினும் எத்தனையோ மடங்கு சிறியவை. மைக்ரான் என்பது மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரான். காற்றில் நெடுந்தூரம் செல்லும் துகள்கள் பெரும்பாலும் அதைவிட மெல்லியவை. பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் துணிகளை உடுத்தும்போதும் துவைக்கும்போதும் உலர்த்தும்போதும் உதிரும் இழைகள், சாலையில் தேயும் டயரின் துகள்கள், குப்பை மேடுகளில் வெயிலால் நொறுங்கும் பைகள், வயலில் மண் மூடாக்காக விரிக்கப்படும் தாள்கள் ஆகியவை இவற்றின் பிறப்பிடங்கள். கடலும் ஒரு பிறப்பிடமே. அலையில் எழும் குமிழிகள் வெடிக்கையில் நீர்த்துளிகளோடு துகள்களும் காற்றில் ஏறுகின்றன என்று 2020-இல் பிரான்ஸின் அட்லாண்டிக் கரையில் கண்டறிந்தார்கள். ஆறுகள் கடலுக்குக் கொண்டு சேர்த்ததில் ஒரு பகுதியைக் கடல் நிலத்துக்கே திருப்பி அனுப்புகிறது எனலாம்.

பாலிஎதிலீனின் அடர்த்தி நீரின் அடர்த்தியைக் காட்டிலும் குறைவு. மணலோ நீரைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் கனமானது. ஆகவே ஒரே அளவுள்ள மணற்துகள் விரைவில் தரையில் விழ, பிளாஸ்டிக் மிதந்துகொண்டே இருக்கும். உருவமும் இதற்குத் துணை செய்கிறது: உருண்டையைவிட நீண்ட இழை மிக மெதுவாகவே கீழிறங்கும். ஆர்க்டிக் பிரதேசத்தின் பனியிலும், எவரெஸ்ட் சிகரத்தில் 8,440 மீட்டர் உயரத்திலும், ஜப்பானின் பூஜி மலையைத் தழுவும் மேகத்தின் நீரிலும் இவை அகப்பட்டதில் வியப்பில்லை. எனினும் தொலைதூர மலைகளைப் பற்றி வியந்து பேசுவோர் வீட்டை மறந்துவிடுகிறார்கள். பாரிஸ் நகரில் 2017-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் வெளிக் காற்றின் கன மீட்டர் ஒன்றில் 0.3 முதல் 1.5 வரை இழைகள் இருந்தபோது, அறைகளினுள்ளே 1 முதல் 60 வரை இருந்தன. இவற்றில் பருத்தி முதலிய இயற்கை இழைகளும் அடங்கும். மூன்றில் ஒரு பங்கு பெட்ரோலியத்திலிருந்து செய்யப்பட்ட பொருளைக் கொண்டவை.

குடியேற்றம்

நுண்ணுயிருக்கு வேண்டியது மேற்பரப்பு. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சென்டி மீட்டர் பக்கமுள்ள பிளாஸ்டிக் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டி மீட்டர். அதையே 10 மைக்ரான் பக்கமுள்ள கனசதுரங்களாக அறுத்தால் நூறு கோடித் துண்டுகள் கிடைக்கும். அவற்றின் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர சென்டி மீட்டர். பொருள் ஓர் அணுவும் கூடவில்லை. குடியிருக்கும் இடமோ ஆயிரம் மடங்காகிவிட்டது. ஒரு பாக்டீரியாவின் அளவு ஏறத்தாழ ஒரு மைக்ரான் ஆதலால், அத்துண்டுகளில் ஒவ்வொன்றின் மேலும் சில நூறு பாக்டீரியாக்கள் நெருக்கியடித்து அமர இடமுண்டு.

புதிய பிளாஸ்டிக் வழுவழுப்பானது, நீரை ஒட்டவிடாதது. அந்நிலையில் அது நல்ல குடியிருப்பன்று. வெயில் அதைப் பக்குவப்படுத்துகிறது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் பட்டு, நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபட்டு, ஆக்ஸிஜன் சேர்கிறது. மேற்பரப்பில் வெடிப்பும் குழியும் உண்டாகி ஈரம் தங்குகிறது. காற்றிலும் நீரிலுமுள்ள புரதம், கொழுப்பு முதலியவை மெல்லிய பூச்சாகப் படிகின்றன. அதன்மேல் முதற்சில பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டு, பிசுபிசுப்பான சர்க்கரைப் பொருளைச் சுரந்து தம்மைச் சுற்றி ஒரு படலம் கட்டுகின்றன. குளத்துப் படிக்கட்டில் வழுக்கும் பாசிப் படலத்தைப் போன்றதே இது. படலம் கட்டியபின் பூஞ்சைகளும் பாசிகளும் வந்து சேர, அது ஒரு சிறு ஊராகிவிடுகிறது.

இதை முதலில் கவனித்தவர்கள் கடலாராய்ச்சியாளர்கள். 1972-இலேயே கார்ப்பென்டர், ஸ்மித் என்னும் இருவர் சர்காஸோ கடலில் மிதந்த பிளாஸ்டிக் துண்டுகளின் மேல் உயிர்கள் ஒட்டியிருந்ததை எழுதினார்கள். அப்போது அதைப் பொருட்படுத்தியவர் சிலரே. 2013-இல் ஜெட்லர், மின்ஸர், அமரல்-ஜெட்லர் ஆகியோர் வட அட்லாண்டிக் கடலில் பொறுக்கிய துண்டுகளில் வாழும் உயிர்க்கூட்டம், சுற்றியுள்ள நீரிலுள்ள கூட்டத்தினின்று வேறுபட்டிருப்பதைக் கண்டு, அதற்கு ‘பிளாஸ்டிஸ்பியர்’ என்று பெயரிட்டார்கள். வாயு மண்டலம், ஜல மண்டலம் என்று வழங்கும் முறையில் தமிழில் இதைப் பிளாஸ்டிக் மண்டலம் எனலாம். மனிதன் தானே படைத்துப் பூமிக்குப் போர்த்திய மண்டலம் இது ஒன்றுதான். அவர்கள் ஆராய்ந்த ஒரு துண்டில் இருந்த பாக்டீரியாக்களில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவானவை விப்ரியோ இனத்தைச் சேர்ந்தவை. வாந்திபேதியை விளைவிக்கும் கிருமி இந்த இனத்தில் ஒன்று. இனம் முழுவதும் அத்தகையதன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நிலத்தைப் பற்றிய செய்தி பின்னரே வந்தது. கென்யாவின் மேற்குப் பகுதியிலுள்ள சியாயா என்னும் ஊரின் மண்ணிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் துணுக்குகளில், மனிதருக்கு நோய் தரக்கூடிய பூஞ்சை வகைகள் சுற்றுமண்ணைக் காட்டிலும் மிகுதியாகச் சேர்ந்திருப்பதை 2021-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். சந்தையும் குப்பைமேடும் உள்ள சாதாரண ஊர் அது. நம் நாட்டில் அத்தகைய ஊர்களுக்குக் குறைவில்லை.

காற்றுப் பயணம்

காற்றில் கிருமியின் வாழ்வு எளிதன்று. ஈரம் இல்லை, உணவு இல்லை, சூரியனின் புற ஊதாக் கதிர் நேரே தாக்குகிறது. இப்பயணத்துக்கென்றே அமைந்தவை பூஞ்சைகளின் வித்துகள். இந்தியாவில் இதை நிலைநாட்டியவர் ஆக்ராவைச் சேர்ந்த கே. ஸி. மேத்தா. சமவெளியின் கோடை வெப்பத்தில் கோதுமைத் துரு நோயின் வித்துகள் அழிந்துவிடுகின்றன. குளிர்ந்த மலைகளில் பிழைத்திருந்து, ஆண்டுதோறும் காற்றிலேறிச் சமவெளிப் பயிருக்கு மீண்டும் வருகின்றன என்று அவர் பல்லாண்டு உழைத்துக் காட்டினார். தெற்கே நீலகிரியும் பழனி மலையும் அவ்வாறான புகலிடங்கள். அங்கிருந்து கருந்துருவின் வித்துகள் நவம்பர் மாதப் புயற்காற்றோடு மத்திய இந்தியாவை அடையும் விதத்தை நாகராஜனும் சிங்கும் 1975-இல் விதிகளாக வகுத்தார்கள். வேளாண்மைத் துறையின் வெளிக்கள ஊழியர்களுக்கு இது பழகிய விஷயம்.

துரு வித்தின் தோல் தடித்தது, நிறமேறியது. வெறும் பாக்டீரியாவுக்கு அக்கவசம் இல்லை. பிளாஸ்டிக் துணுக்கின் வெடிப்புக்குள், பிசுபிசுப்பான படலத்தின் அடியில் பதுங்கிய பாக்டீரியாவுக்கோ ஓரளவு நிழலும் ஈரமும் கிடைக்கின்றன. மண்துகளின் மேலும் இவை கிடைக்கும். மண்துகள் விரைவில் தரை சேர்ந்துவிடும். பிளாஸ்டிக் இழை மீண்டும் மீண்டும் எழுந்து பறக்கும், மக்கிப் போவதும் இல்லை. இதுவே இரண்டுக்கும் உள்ள முக்கிய வேற்றுமை. பிளாஸ்டிக்கையே உண்ணும் பாக்டீரியா ஒன்றை ஜப்பானில் 2016-இல் கண்டுபிடித்தது உண்மைதான். ஆயினும் அது புட்டிகள் செய்யும் ஒரு வகைப் பிளாஸ்டிக்கை மட்டும், தகுந்த வெப்பத்தில், வாரக்கணக்கில் மெல்ல அரிப்பது. அதை நம்பிக் குப்பையைக் காற்றில் விடுவதற்கில்லை.

பஞ்சாலை கற்பித்த பாடம்

இழையும் கிருமியும் சேர்ந்து நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்கு விடை தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பஞ்சாலைகள் அதை முன்பே காட்டியிருக்கின்றன. தூசி மிகுந்த ஆலைகளில் பல ஆண்டுகள் வேலை செய்தவர்களுக்கு, விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் திங்கட்கிழமையன்று நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். வாரம் செல்லச் செல்லத் தணியும். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் வரும். ஆண்டுகள் கழிந்தால் அது எந்நாளும் தீராத மூச்சுத் திணறலாக நிலைத்துவிடும். பிஸினோஸிஸ் என்பது இந்நோயின் பெயர். லங்காஷையர் ஆலைகளில் 1950-களில் ஷில்லிங் என்னும் மருத்துவர் இதைப் படிப்படியாக வகைப்படுத்தினார்.

நெடுங்காலம் பஞ்சுத் தூசியே குற்றவாளி என்று கருதப்பட்டது. ஆனால் பஞ்சு இழையின் மேல் வாழ்ந்து மடியும் ஒரு வகைப் பாக்டீரியாக்களின் மேலுறையில் எண்டோடாக்ஸின் என்னும் நச்சுப் பொருள் உண்டு. பல்வேறு பஞ்சுகளின் தூசியை அளவறிந்து சுவாசிக்கச் செய்து நடத்திய பரிசோதனைகளின் முடிவைக் காஸ்டலனும் அவர் குழுவினரும் 1987-இல் வெளியிட்டார்கள். மூச்சின் திறன் எவ்வளவு குறைந்தது என்பது தூசியின் எடையோடு பொருந்தவில்லை. அதிலிருந்த எண்டோடாக்ஸின் அளவோடு பொருந்தியது. கிருமி உயிரோடிருக்க வேண்டுமென்பதுகூட இல்லை. செத்த கிருமியின் தோலே தீங்கு செய்யப் போதுமானது.

செயற்கை இழை மட்டும் தனியே சென்றாலும் நுரையீரல் அதைப் பொறுப்பதில்லை. நைலான் இழையைப் பொடிப்பொடியாக வெட்டிப் பசை பூசிய துணியின்மேல் ஒட்டி, வெல்வெட் போன்ற துணி செய்யும் ஆலைகள் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் இருந்தன. அங்குத் தொழிலாளர் சிலருக்கு நுரையீரலின் காற்றறைகளுக்கு இடையேயுள்ள திசுவில் அழற்சி கண்டதை 1998-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். ஆலைக்கு வெளியே வாழும் மக்களும் விலக்கல்ல. பிரேஸிலின் ஸாவோ பௌலோ நகரில் இறந்தவர்களின் நுரையீரல்களை ஆராய்ந்ததில் இருபதில் பதின்மூன்றிலும், இங்கிலாந்தில் அறுவைச் சிகிச்சையின்போது எடுத்த பதின்மூன்று மாதிரிகளில் பதினொன்றிலும் பிளாஸ்டிக் துகள்கள் இருந்தன. முன்னது 2021-இலும் பின்னது 2022-இலும் வெளியான செய்திகள்.

பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட தூசியில் பெரும்பகுதியை மூக்கும் தொண்டையும் பிடித்துச் சளியோடு வெளியேற்றுகின்றன. அதைவிட நுண்ணியது ஆழமாக இறங்குகிறது. அங்குள்ள காவல் அணுக்கள் அந்நியத் துகளை விழுங்கிக் கரைக்க முயல்கின்றன. பாக்டீரியாவை அவை கரைத்துவிடும். பிளாஸ்டிக்கைக் கரைக்க இயலாது. நீண்ட இழையானால் முழுதும் விழுங்கவும் இயலாது. இவ்வாறு அரைகுறையாக நின்றுவிடும் போராட்டமே நாட்பட்ட அழற்சிக்குக் காரணமாகிறது.

மருந்துக்கு அடங்காத கிருமிகள்

மற்றோர் அபாயம் இன்னும் நுட்பமானது. நெருங்கி வாழும் பாக்டீரியாக்கள் தம்முள் மரபுப் பொருளின் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும். மருந்தை எதிர்க்கும் ஆற்றலும் அவ்வாறே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும். ஜெர்மனியின் ஏரி ஒன்றில் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தனித்து நீந்தும் பாக்டீரியாக்களைவிடப் பிளாஸ்டிக்கின் மேல் வாழ்பவற்றிடையே இப்பரிமாற்றம் மிகுதி என்று தெரிந்தது. 2025-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் குடல்வாழ் பாக்டீரியாவாகிய எஷரிக்கியா கோலியைப் பிளாஸ்டிக் துகள்களோடு சேர்த்து வளர்த்தபோது, அது நான்கு மருந்துகளுக்கு எதிரான வலிமையைப் பெற்றது.

இவை நீரிலும் சோதனைச்சாலையிலும் கண்டவை. காற்றில் மிதக்கும் பிளாஸ்டிக்கின் மேலுள்ள நுண்ணுயிர்களை நேரே ஆராய்ந்த நூல்கள் இன்னும் சிலவே. காற்றில் வந்த பிளாஸ்டிக்கின் மேலேறி வந்த கிருமியால் இன்ன மனிதருக்கு இன்ன நோய் வந்ததென்று நிரூபணமாகவும் இல்லை. நுரையீரல் நோய் மிகுவதையெல்லாம் இதன் தலையில் கட்டுவது விஞ்ஞானமாகாது; சமையலறைப் புகையும் வாகனப் புகையும் இன்றும் பெரிய பகைவர்களே.

இந்திய நகரங்களைப் பற்றியும் இப்போது சிறிது தெரியவந்திருக்கிறது. கொல்கத்தாவிலுள்ள இந்திய விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்களும் பிறரும் தில்லி, கொல்கத்தா, மும்பை, சென்னை ஆகிய நகரங்களின் கடைவீதிகளில், மனிதர் மூச்சு வாங்கும் உயரத்தில் காற்றைச் சேகரித்து 2025-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சுவாசத்தோடு உட்செல்லக்கூடிய பிளாஸ்டிக் சராசரி கன மீட்டருக்கு 8.8 மைக்ரோகிராம் இருந்தது. தில்லியிலும் கொல்கத்தாவிலும் மிகுதி, சென்னையிலும் மும்பையிலும் குறைவு. அத்துகள்களோடு ஆஸ்பர்ஜில்லஸ் பியூமிகேட்டஸ் என்னும், பலவீனமான நுரையீரலைத் தாக்கும் பூஞ்சையும் காணப்பட்டது. நாட்டில் 2009-இல் வகுத்த காற்றுத் தர விதிகள் 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட தூசிக்கு ஒரு நாளைய சராசரி 60 மைக்ரோகிராம் என்று எல்லை கட்டுகின்றன. தராசு எடையைத்தான் சொல்லும். வடிதாளில் படிந்தது மண்ணா, கரியா, கிருமி ஏறிய பிளாஸ்டிக்கா என்று சொல்லாது. பஞ்சுத் தூசி கற்பித்த பாடத்தை நினைத்தால் இக்குறை சிறியதன்று.

ஊழியர்களும் ஆசிரியர்களும் செய்யத்தக்கவை

இவ்விஷயத்தில் முதலில் எண்ண வேண்டியவர்கள் தெருக் கூட்டுவோரும், குப்பை பிரிப்போரும், நெசவாலைத் தொழிலாளரும் ஆவர். உலர்ந்த தெருவைக் கூட்டுமுன் நீர் தெளித்தால் எழும் தூசி பெருமளவு அடங்கும். சாக்கடைக் கழிவின் வண்டலை வயலுக்கு எருவாக இடுமிடங்களில், துவைத்த துணியின் இழைகளும் மனிதக் குடலின் கிருமிகளும் ஒரே வண்டலில் கலந்திருக்கின்றன என்பதைக் களப் பணியாளர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். வண்டல் மேலாகக் காய்ந்து கிடந்தால் காற்று முதலில் தூக்கிச் செல்வது கனம் குறைந்த பிளாஸ்டிக்கையே. உடனே உழுது மண்ணுக்குள் மூடுவது நலம். மூடாக்குத் தாளை அறுவடை முடிந்தவுடன், நொறுங்குவதற்கு முன்னரே சுருட்டி எடுத்துவிட வேண்டும். எரிப்பது கூடாது. குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதை 2016-இல் வெளியான விதிகளே தடுத்துள்ளன. அரைகுறையாக எரிந்த துணுக்குகள் புகையோடு மேலெழுந்து வேறோர் ஊரில் இறங்கும்.

பள்ளி மைக்ராஸ்கோப் ஒன்று இருந்தால் ஆசிரியர்கள் இதை மாணவர்களுக்குக் கண்ணாற் காட்டலாம். மூன்று கண்ணாடித் தகடுகளை நன்கு கழுவி உலர்த்தி, வாசலினை மிக மெல்லிதாகப் பூச வேண்டும். ஒன்றை வகுப்பறையில் மாணவர் கை எட்டாத உயரத்திலும், மற்றொன்றை மழை படாத வெளித் தாழ்வாரத்திலும் ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும். மூன்றாவதை மூடிய பெட்டிக்குள் வைப்பது அவசியம். பூசும்போதே ஆசிரியரின் சட்டையிலிருந்து இழை விழுந்திருக்கக் கூடும். எவ்வளவு விழுந்ததென்று அந்த மூன்றாவது தகடுதான் சொல்லும். அன்று பருத்தி ஆடை உடுத்தி வருவது இன்னும் நல்லது. மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பருத்தி இழை முறுக்கிய நாடா போலவும், செயற்கை இழை ஒரே தடிப்புள்ள கம்பி போலவும் தெரியும். ஐயமுள்ள இழையின் அருகே பழுக்கக் காய்ச்சிய ஊசியைக் கொண்டு சென்றால், செயற்கை இழை சுருண்டு உருகும், பருத்தி உருகாது. ஊசியை ஆசிரியரே கையாள வேண்டும். தகட்டில் படிந்ததை ஊட்டப் பொருளில் இட்டுக் கிருமி வளர்க்கும் சோதனையைப் பள்ளியில் எக்காரணத்தாலும் செய்யலாகாது. என்ன வளரும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது.

மூன்று தகடுகளின் எண்ணிக்கையோடு நாள், நேரம், காற்றின் திசை, அன்று வகுப்பறை கூட்டப்பட்டதா என்பவற்றையும் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். கோடையில் ஒரு முறையும் மழைக்காலத்தில் ஒரு முறையும் இதைச் செய்தால் இரண்டு பருவங்களின் எண்களையும் மாணவர்கள் தாமே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.